பிரமிடு: வடிவத்தின் பெயரா, கல்லறையின் பெயரா?

எகிப்து மன்னர்களின் கல்லறைகளைப் பிரமிடு என்கிறோம். ஆங்கிலத்தில் கேட்டதை அப்படியே வாங்கி, கடைசியில் ஓர் உகரம் சேர்த்துக்கொண்டோம். தமிழில் எந்தச் சொல்லும் 'ட்' என்ற மெய்யில் முடியாது என்பதால் அந்த உகரம் தேவைப்பட்டது. ஆங்கிலத்துக்கு இது இலத்தீன், பிரெஞ்சு வழியாக வந்தது. இலத்தீனுக்குக் கிரேக்கம் கொடுத்தது. கிரேக்கத்தில் 'பிரமிஸ்', பன்மையில் 'பிரமிடெஸ்'. நம் சொல்லில் உள்ள டகரம் அந்தப் பன்மையில் இருக்கிறது.

கிரேக்கர்களுக்கு இந்தச் சொல் எங்கிருந்து கிடைத்தது என்பதில் அறிஞர்களிடையே இரண்டு கருத்துகள் உண்டு. கோதுமையும் தேனும் சேர்த்துச் செய்த ஒரு பணியாரத்துக்கும் கிரேக்கத்தில் ஏறக்குறைய இதே பெயர். கோதுமைக்கு அவர்கள் சொல் 'பிரோஸ்'. எகிப்துக்குப் போன கிரேக்கர்கள் அந்தக் கட்டடத்தைப் பார்த்ததும் ஊர்ப் பணியாரம் நினைவுக்கு வந்து அந்தப் பெயரை வைத்தார்கள் என்பது ஒரு கருத்து. நம்ப முடியாததல்ல. எகிப்தியக் கோயில் வாசலில் ஒற்றைக் கல்லாக நின்ற நெடுந்தூணுக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஒபெலிஸ்கோஸ்'. அதன் பொருள் இறைச்சி சுடும் சிறு கம்பி.

இன்னொரு கருத்து, அது எகிப்தியச் சொல்லே என்பது. இலண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 'ரைண்ட் பாப்பிரஸ்' என்ற கணக்குச் சுவடி இருக்கிறது. ஆமோஸ் என்ற எழுத்தர் கி.மு. 1550 அளவில் பழைய மூலத்தைப் பார்த்துப் படியெடுத்தது. அதன் 56ஆம் கணக்கு இது: ஒரு பிரமிட்டின் அடிப்பக்கம் 360 முழம், உயரம் 250 முழம், பக்கச் சுவரின் சாய்வு என்ன? ஒரு முழ உயரத்துக்குச் சுவர் எத்தனை உள்ளங்கை உள்வாங்குகிறது என்றுதான் அவர்கள் சாய்வை அளந்தார்கள். அதற்குப் பெயர் 'செகெத்'. எகிப்திய அரச முழத்துக்கு 7 உள்ளங்கை. அடியில் பாதி 180. அதை 250ஆல் வகுத்து 7ஆல் பெருக்கினால் 5 உள்ளங்கையும் இருபத்தைந்தில் ஒரு பங்கும் வரும். ஆமோஸ் எழுதிய விடையும் அதுவே. இந்தக் கணக்குகளில் உயரத்தைக் குறிக்க வரும் சொல் 'பெர்-எம்-உஸ்'. அதுவே கிரேக்கர் வாயில் 'பிரமிஸ்' ஆனது என்கிறார்கள். ஒலி நெருங்கி வருகிறது. ஆனால் உயரத்தின் பெயர் எப்படிக் கட்டடத்தின் பெயராயிற்று என்பதற்கு விடை வேண்டும்.

'பெருமேடு' என்ற தமிழ்ச் சொல்தான் பிரமிடு ஆயிற்று என்று சொல்லத் தோன்றும். தமிழ் மேல் உள்ள அன்பால் தோன்றுவது அது. ஆனால் ஒலி ஒத்துப்போவது மட்டுமே வேர் ஆகிவிடாது. நம் சொல் அங்கே போயிருந்தால் அதைக் கட்டியவர்கள் வாயில் முதலில் இருந்திருக்க வேண்டும். அவர்கள் வாயில் இருந்த சொல்லோ வேறு.

அந்தச் சொல் 'மெர்'. எகிப்திய எழுத்தில் உயிரொலிக்குக் குறி இல்லை. ம், ர் என்ற இரண்டு மெய்களை மட்டும் எழுதுவார்கள். நோய், கால்வாய், அன்பு ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களிலும் இதே இரண்டு மெய்கள்தாம் வரும். பிறகு எப்படி வேறுபடுத்துவது? சொல்லின் கடைசியில் ஒரு படம் வரைவார்கள். கால்வாய் என்றால் நீர்நிலையின் படம். அரசன் கல்லறை என்றால் சரிந்த பக்கங்களோடு ஒரு குட்டி முக்கோணம். அந்தப் படத்துக்கு ஒலி கிடையாது, பொருளைச் சுட்ட மட்டும் அது. 'மெர்' என்பதை 'ஏறும் இடம்' என்று பிரித்துப் பார்ப்பவர்களும் உண்டு. இறந்த மன்னன் வானுக்கு ஏறுகிறான் என்ற நம்பிக்கையோடு அது பொருந்துகிறது, ஆனாலும் ஊகம்தான்.

'மெர்' பொதுப்பெயர். அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் இருந்தது. கீசாவில் உள்ள பெரிய பிரமிட்டின் பெயர் 'அகெத் கூஃபு'. கூஃபு அதைக் கட்டுவித்த மன்னர். 'அகெத்' என்பதன் பிற்காலப் படக்குறி இரண்டு குன்றுகளுக்கு நடுவே சூரியன். கூஃபுவின் தொடுவானம் என்று சொல்லலாம். அடிப்பக்கம் சுமார் 230 மீட்டரும் தொடக்கத்தில் சுமார் 146 மீட்டர் உயரமும் கொண்ட ஒரு கல்மலைக்குத் தொடுவானம் என்று பெயர் வைத்த மனம் எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது. செங்கடல் ஓரத்தில் வாதி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் 2013இல் பிரெஞ்சுத் தொல்லியலாளர் பியர் தாலே குழுவினர் பாப்பிரஸ் ஏடுகளைக் கண்டெடுத்தார்கள். கூஃபு காலத்தில் மெரெர் என்ற மேற்பார்வையாளர் எழுதிய நாட்குறிப்பு அதில் இருக்கிறது. தூரா கற்குவாரியில் சுண்ணாம்புக்கல்லைப் படகில் ஏற்றியது, வழியில் இரவு தங்கியது, அகெத் கூஃபுவில் கொண்டுபோய்ச் சேர்த்தது என்று நாள்வாரியாகக் குறித்து வைத்திருக்கிறார். கல் சுமந்தவர்களின் வேலைக் குறிப்பிலும் அது தொடுவானம்தான்.

இனி 'மஸ்தபா'. பிரமிடுகளுக்கு முந்தைய கல்லறைகளுக்கு இந்தப் பெயர். மண்செங்கல்லால் நீள்சதுரமாகக் கட்டி, பக்கங்களைச் சற்றே சரித்து, மேலே தட்டையாக விட்டிருப்பார்கள். அடியில் ஆழத்தில் புதைகுழி. இது அரபுச் சொல். மண்வீடுகளின் வாசலில் உட்கார்வதற்காகச் சுவரை ஒட்டிக் கட்டும் மேடைதான் மஸ்தபா. மணலுக்கு மேலே தெரிந்த கல்லறைகள் தங்கள் வீட்டு மேடை போலவே இருந்ததால் உள்ளூர் மக்கள் அப்படி அழைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் அதையே எடுத்துக்கொண்டார்கள். நமக்கு இதற்குச் சொல் தேட வேண்டியதே இல்லை. அது திண்ணை. திண்ணைக் கல்லறை என்று எழுதினால் படிப்பவருக்கு உருவம் கண்ணில் நிற்கும்.

சக்காராவில் மன்னர் ஜோசருக்காகக் கட்டியதும் ஒரு திண்ணையாகத்தான் தொடங்கியது. பிறகு அதைப் பெரிதாக்கி, மேலே ஒன்றைவிட ஒன்று சிறிதாக அடுக்கிக்கொண்டே போய் ஆறு படிகளில் நிறுத்தினார்கள், உயரம் 60 மீட்டருக்கு மேல். கட்டியவர் ஜோசரின் அமைச்சர் இம்ஹோடெப் என்பது மரபு. அந்தப் படிகள் மறைந்து பக்கங்கள் சமமாகச் சரிந்த முழு வடிவம் மன்னர் ஸ்னெஃப்ரு காலத்தில் வந்தது. அவருடைய மகன்தான் கூஃபு.

சரி, பிரமிடுக்குத் தமிழில் என்ன சொல்வது? கூர்ங்கோபுரம் என்று எழுதுவதை விட்டுவிடலாம். கோபுரம் வாயிலின் மேல் எழுவது, ஆளும் தேரும் நுழைய வழிவிடுவது. பிரமிடு வழியை மூடி அடைக்கக் கட்டியது. 'பட்டைக்கூம்பு' துல்லியமான சொல். வட்ட அடி கொண்டது கூம்பு, தட்டையான முகங்கள் கொண்டது பட்டைக்கூம்பு. கணக்குக்கு அது மிகப் பொருத்தம். கட்டடத்துக்குச் சொன்னால் கருவியின் பெயர் போல ஒலிக்கிறது.

எனக்குப் பிடித்தது 'கூம்பகம்'. இலங்கைக் கணிதப் பாடநூல்களில் புழங்கும் சொல்தான். கூம்புதல் என்றால் குவிதல், ஒடுங்குதல். மாலையில் தாமரை கூம்பும். புறநானூற்றில் கப்பலின் பாய்மரத்துக்கும் கூம்பு என்றே பெயர். அகம் என்றால் உள், வீடு. எகிப்தியர் கல்லறையை 'என்றைக்குமான வீடு' என்று சொன்னவர்கள். அரசனையே வீட்டின் பெயரால் அழைத்தார்கள். 'பெர்-ஆ', அதாவது பெரிய வீடு, என்பதுதான் பாரோ என்ற சொல்லின் மூலம். கிரேக்கச் சொல் வடிவத்தை மட்டும் பிடித்தது. கூம்பகம் வடிவத்தையும் பிடிக்கிறது, உள்ளே ஒரு வீடு இருப்பதையும் சொல்கிறது.

'பள்ளிப்படை' என்று ஏன் சொல்லக்கூடாது? மன்னரைப் புதைத்த இடத்தில் எழுப்பும் கோயிலுக்குச் சோழர் காலத்துச் சொல் அது. பள்ளி என்பது படுக்கை. மேல்பாடியில் இராசராசன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்காக எடுத்த கோயில் அந்த வகை. பிரமிட்டை ஒட்டியும் கோயில் இருந்தது, மன்னருக்கு நாள்தோறும் படையல் இருந்தது, அதற்கென்று நிலமும் பூசாரிகளும் இருந்தார்கள். பயன் ஒத்துப்போகிறது. ஆனால் பள்ளிப்படை சிவலிங்கம் வைத்து வழிபடும் இடம். ஒப்பிட்டு விளக்க அந்தச் சொல் உதவும், பெயராக வைக்கக் கூடாது.

இன்னொரு சொல் மாற்றமே வேண்டாமல் பொருந்துகிறது. மன்னர் துட்டன்காமனின் கல்லறையை 1922இல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்தார். அதைப் பிரமிடு என்று எண்ணுபவர்கள் நிறைய. அது மன்னர்களின் பள்ளத்தாக்கில் பாறைக்குள் குடைந்த கல்லறை. கூஃபுவுக்கும் துட்டன்காமனுக்கும் இடையில் 1,200 ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. அதற்குள் மன்னர்கள் பிரமிடு கட்டுவதை விட்டுவிட்டார்கள். மலையைக் குடைந்து செய்ததைத் தமிழ் குடைவரை என்கிறது. ஆக, குடைவரைக் கல்லறை. உள்ளே இருந்த கல்பெட்டிக்கு நம் தொல்லியலாளர்கள் சொல்லும் ஈமப்பேழை போதும்.

கூம்பகம் பழகும்வரை பிரமிடு என்று எழுதுவதில் தவறில்லை. ஒன்று மட்டும் கவனிக்கலாம். 'பிரமிடின் உள்ளே', 'பிரமிடில்' என்று பலரும் எழுதுகிறார்கள். வீடு வீட்டில் ஆகிறது, முரடு முரட்டு ஆகிறது. அதே வழியில் பிரமிட்டில், பிரமிட்டின், பிரமிட்டுக்குள்.