பெரிய டர்போ இருந்தால் அசல் கார் ஆகிவிடாது

மீண்டும் ஒருவர் ஏமாந்து வந்தார். கார், ஃபோர்டு எஸ்கார்ட் ஆர்எஸ் காஸ்வொர்த். ராலிப் பந்தய விதிக்காகப் பெரிய டர்போவுடன் (என்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) வந்த ‘முதல் 2,500 கார்களில் ஒன்று’ என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். முழுத் தொகையையும் கொடுத்துவிட்டுப் பரிசோதனைக்குக் கொண்டு வந்தார். பரிசோதனை என்பது வாங்குவதற்கு முன் செய்வது ஐயா! பெரிய டர்போ இருக்கிறது, உண்மைதான். ஆனால் என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி, 1994-இல் அறிமுகமான சிறிய டர்போ காருடையது. அந்த முதல் 2,500 கார்களில் வெபர் மரேல்லி என்ற கணினி அமைப்பு இருக்கும். இதில் ஃபோர்டின் சொந்த அமைப்பு. யாரோ பின்னாளில் டர்போவை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

ஹோமோலோகேஷன் கார் என்றால் ராலியில் ஓடிய கார் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இல்லை. பந்தயத்தில் இறக்க விரும்பும் மாடலைச் சாலைக் காராகவும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் தயாரிக்க வேண்டும் என்பது விதி. ராலியின் குரூப் பி பிரிவுக்கு 200. குரூப் ஏ பிரிவுக்கு 5,000, பிறகு அது 2,500 ஆகக் குறைந்தது. அந்தக் கணக்குக்காகப் பிறந்தவைதான் இவை. 1997-இல் வேர்ல்டு ராலி கார் விதி வந்ததும் அந்தக் கட்டாயம் தளர்ந்தது. எனவே 1998-இல் வந்த சுபாரு இம்ப்ரெசா 22பி அருமையான கார், அரிய கார். ஆனால் ஹோமோலோகேஷன் கார் அல்ல. விளம்பரத்தில் அப்படிப் போட்டிருந்தால், விற்பவரின் மற்ற வாக்குறுதிகளையும் இரண்டு முறை சரிபாருங்கள்.

எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது பேட்ஜ் மோகம். பின்புற விங், ரெக்காரோ இருக்கை, எண் பொறித்த தகடு, பானட்டின் காற்றுத் துளைகள் எல்லாம் கழற்றி மாட்டக்கூடியவை. என்ஜினையே மாற்றலாம். தகட்டை இரண்டு ரிவெட் அடித்து ஒட்டிவிடலாம்; ஒட்டியும் இருக்கிறார்கள். காரின் அடையாளம் பாடியில் பொறித்த சேசிஸ் எண்ணில் இருக்கிறது. அந்த எண்ணைச் சுற்றி வெல்டிங் தடமோ புதுப் பெயிண்டோ தெரிந்தால், காரணம் கேட்காமல் நகராதீர்கள். லான்சியா கார் என்றால் தயாரிப்பாளரின் பாரம்பரியப் பிரிவிடம் சேசிஸ் எண்ணைக் கொடுத்து மூலச் சான்றிதழ் கேட்கலாம். அதைச் செய்யாமல் லான்சியாவின் டெல்டா இன்டெக்ராலே வாங்குகிறவர்களை என்னவென்று சொல்வது?

இன்டெக்ராலே 1987 முதல் 1992 வரை தொடர்ந்து ஆறு முறை உலக ராலி சாம்பியன்ஷிப்பின் தயாரிப்பாளர் பட்டம் வென்ற டெல்டா வரிசையின் கார். துரு அந்தப் பெருமையைப் பார்ப்பதில்லை. முன் கண்ணாடியைச் சுற்றியுள்ள விளிம்பையும் கூரையையும் முதலில் பாருங்கள். பட்டி வைத்து மூடிய டிங்கரிங் வேலை மேலே பளபளக்கும், அடியில் அரித்துக்கொண்டே இருக்கும்.

‘கிலோமீட்டர் குறைவு’ என்பதும் தகுதியல்ல. என்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட்டுக்கு, கார் ஓடினாலும் நின்றாலும் வயதாகும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி என்ஜின் போய்விடும். டர்போ குழாய்கள், ஆயில் சீல்கள், பெட்ரோல் தொட்டி எல்லாம் நின்றே கெட்டுப்போகும். கடைசியாக பெல்ட் மாற்றிய ரசீது இல்லையென்றால், அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

தயவுசெய்து முன்பணம் கொடுப்பதற்கு முன் காரை லிஃப்டில் ஏற்றச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால் வேறு காரைத் தேடுங்கள்.