மைனஸ் 45 சதவீத வாய்ப்பு

ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்குவது, இரண்டு கம்பெனிகள் இணைவது, இந்த டீல்களைப் பின்தொடர ஒரு சின்ன டூல் எழுதிக்கொண்டிருக்கிறேன். பைத்தான் மொழி, எஸ்கியூலைட் என்கிற சின்ன டேட்டாபேஸ், ராத்திரி ஒரு மணி நேரம், அவ்வளவுதான் முதலீடு. சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கப் பழைய டீல்களை அதற்குள் ஓட்டினால், 2022 ஜூலை 11 அன்று எலான் மஸ்க் ட்விட்டரை வாங்கி முடிப்பதற்கான வாய்ப்பு மைனஸ் 45 சதவீதம் என்று திரையில் வந்து நிற்கிறது. நடக்கவே நடக்காது என்றாலும் பூஜ்யம்தானே வரவேண்டும்? கழித்தல் குறி எங்காவது இடம் மாறிவிட்டதோ என்று வெகுநேரம் தேடினேன். கோடில் ஒரு தப்பும் இல்லை.

அந்த எண் எப்படி வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், அதற்குக் கடைசியில் நடந்து முடிந்த ஒரு டீல் வேண்டும். 2022 ஜனவரி 18 அன்று வீடியோ கேம் நிறுவனமான ஆக்டிவிஷன் பிளிசார்டை ஒரு பங்குக்கு 95 டாலர் ரொக்கமாகக் கொடுத்து வாங்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதற்கு முந்தைய வர்த்தக நாளில் அந்தப் பங்கு 65.39 டாலர். அறிவிப்பு வந்த அன்று 82.31-ல் முடிந்தது. 95 கொடுக்க ஒருவர் தயாராக நிற்கும்போது சந்தை ஏன் 82-லேயே நின்றுவிட்டது? பணம் கைக்கு வர மாதக்கணக்காகும், நடுவில் ஏதாவது ஒரு அரசு அமைப்பு தடுத்துவிட்டால் பங்கு பழைய விலைக்கே விழும் என்கிற பயம்தான். இந்த இடைவெளியைத்தான் ஸ்ப்ரெட் என்கிறார்கள். டீல் முடிந்தால் 95, முறிந்தால் 65.39 என்று வைத்துக்கொண்டால், 82.31 இந்த இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதே சந்தை மனதில் வைத்திருக்கும் வாய்ப்பு. 16.92-ஐ 29.61-ஆல் வகுத்தால் 57 சதவீதம்.

கோடில் இது நாலே வரி. மீதி எல்லாம் யார் யாரை வாங்குகிறார்கள் என்று கண்டுபிடிப்பதற்குத்தான், சத்தியமாக.

அமெரிக்க நிறுவனங்கள் என்றால் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையமான எஸ்இசி நடத்தும் எட்கர் தளத்தில் எல்லா ஆவணமும் இலவசம். நீங்கள் யார் என்று ஒவ்வொரு கோரிக்கையிலும் சொல்லிக்கொண்டு, விநாடிக்குப் பத்துக்கு மேல் போகாமல் கேட்டால் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஒப்பந்தம் போட்டால் 8-கே என்ற படிவம் வரும், அதில் 1.01 என்ற பிரிவு இருந்தால் முக்கியமான ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கிறது என்று பொருள். கடன் ஒப்பந்தம், குத்தகை எல்லாம்கூட அதே பிரிவில் வந்து விழும், அதனால் உள்ளே 'மெர்ஜர்', அதாவது இணைப்பு, என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்து வடிகட்டவேண்டும். இதுவரை சுலபம்தான்.

அந்த ஆவணத்தைத் திறந்து வாங்குபவர் யார் என்று தேடினால், ட்விட்டருக்கு என் ஸ்கிரிப்ட் எடுத்துக் கொடுத்த பெயர் எக்ஸ் ஹோல்டிங்ஸ் 2. ஆக்டிவிஷனுக்கு ஆங்கரேஜ் மெர்ஜர் சப். இரண்டும் நிஜமான பெயர்கள்தான், ஆனால் டீலுக்காகவே பதிவு செய்த வெறும் கூடுகள். இங்கே பெரிய நிறுவனம் பெரும்பாலும் நேராக வந்து இணைவதில்லை. ஒரு காலிக் கம்பெனியை உருவாக்கி அதை இலக்கு நிறுவனத்தோடு இணைக்கிறார்கள், இணைந்ததும் காலிக் கம்பெனி மறைந்துவிடும், இலக்கு நிறுவனம் துணை நிறுவனமாக மிஞ்சும். பழைய ஒப்பந்தங்கள், கடன்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்க இது வசதி. டூலுக்குத்தான் தலைவலி. அதனால் 'பேரன்ட்' (வாங்கும் தாய் நிறுவனம்), 'மெர்ஜர் சப்' (காலிக் கம்பெனி), 'கம்பெனி' (இலக்கு நிறுவனம்) என்று ஒப்பந்தத்தின் முதல் பத்தியில் யாருக்கு எந்தப் பட்டம் கொடுத்திருக்கிறார்கள் என்று படிக்கவைத்தேன். அப்போதும் ட்விட்டர் விஷயத்தில் பேரன்டே எக்ஸ் ஹோல்டிங்ஸ் 1 என்ற இன்னொரு கூடு. மஸ்க்கை அடைய இன்னும் ஒரு படி ஏறவேண்டியிருந்தது.

நம் ஊர்ப் பக்கம் வந்தால் வேறு வேடிக்கை. வீட்டுக்கடன் நிறுவனமான ஹெச்டிஎஃப்சி லிமிடெட், ஹெச்டிஎஃப்சி வங்கியோடு இணைவதாக 2022 ஏப்ரல் 4 அன்று அறிவித்து, 2023 ஜூலை 1 அன்று இணைந்தது. பெயர்கள் எழுத்துக்கு எழுத்து எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்க்கும் வழக்கமான முறையை வைத்திருந்தேன். அது இரண்டையும் ஒரே கம்பெனி என்று முடிவுகட்டி, ஹெச்டிஎஃப்சி தன்னைத் தானே வாங்கிக்கொள்கிறது, இது பிழை என்று டீலையே தூக்கி எறிந்துவிட்டது. அன்றோடு பெயரை நம்புவதை விட்டேன். எட்கரில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் சிஐகே என்ற எண் உண்டு, இந்தியாவில் 21 எழுத்துள்ள சிஐஎன், பங்குக்கு 12 எழுத்துள்ள ஐஎஸ்ஐஎன். டேபிளில் ஒரு நிறுவனத்தை அடையாளம் காட்டும் சாவியாக இருப்பவை இவைதான், பெயர் சும்மா காட்டுவதற்கு. (இந்த டீலில் ரொக்கமே கிடையாது, லிமிடெட்டின் 25 பங்குக்கு 42 வங்கிப் பங்குகள். அதாவது வங்கிப் பங்கின் விலையை 1.68-ஆல் பெருக்கினால் கிடைப்பதுதான் டீல் விலை, அது நொடிக்கு நொடி மாறும். விலையை ஒரு எண்ணாகச் சேமித்து வைத்திருந்த என் பழைய டேபிளைத் திரும்ப எழுதவேண்டியதாயிற்று.)

அப்புறம் டேபிளில் 'நிலை' என்று ஒரு நெடுவரிசை வைத்து அதில் 'நிலுவை', 'முடிந்தது', 'முறிந்தது' என்று எழுதுவது. எல்லோரும் முதலில் செய்வது இதைத்தான், நானும் செய்தேன். 2023 மே மாதக் கடைசியில் ஆக்டிவிஷன் டீலின் நிலை என்ன? பிரிட்டன் ஏப்ரல் 26 அன்று தடுத்திருந்தது, ஐரோப்பிய ஒன்றியம் மே 15 அன்று அனுமதித்திருந்தது, சந்தைப் போட்டியைக் கண்காணிக்கும் அமெரிக்க அமைப்பான எஃப்டிசி முந்தைய டிசம்பரிலேயே வழக்கு தொடுத்திருந்தது. எந்த வார்த்தையைப் போடுவீர்கள்? இப்போது நான் எதையும் அழித்து எழுதுவதில்லை. நடந்தது ஒவ்வொன்றும் ஒரு வரி, யார் செய்தார்கள், என்ன செய்தார்கள் என்று அடுக்கிக்கொண்டே போவேன். நிலை வேண்டுமென்றால் அந்த வரிகளைக் கூட்டிப் பார்த்து அப்போதைக்குச் சொல்லிக்கொள்ளும். ஒவ்வொரு வரியிலும் இரண்டு தேதி உண்டு: நடந்த நாள், வெளியே தெரிந்த நாள். 8-கே தாக்கல் செய்ய நான்கு வேலை நாள் அவகாசம் இருக்கிறது. ஒப்பந்தத் தேதியை மட்டும் வைத்துப் பழைய கணக்கை ஓட்டினால், நாளைய பேப்பரை இன்றே படித்துவிட்டு ஜோசியம் சொன்ன கதையாகிவிடும்.

சரி, மைனஸ் 45.

ட்விட்டருக்கு மஸ்க் ஒத்துக்கொண்ட விலை 54.20. டீல் முறிந்தால் எங்கே விழும் என்பதற்கு, அவர் பங்கு சேர்த்திருப்பது வெளியே தெரிவதற்கு முந்தைய வர்த்தக நாளான ஏப்ரல் 1-ன் விலையைக் கொடுத்திருந்தேன், 39.31. ஜூலை 8 அன்று மஸ்க் டீலிலிருந்து விலகுவதாகக் கடிதம் அனுப்பினார். அடுத்த வர்த்தக நாளான ஜூலை 11-ல் பங்கு 32.65-க்கு முடிந்தது. விழுந்தால் அடிபடும் என்று நான் போட்டு வைத்திருந்த தரைக்கும் கீழே 6.66 டாலர்.

தரை அங்கேயே இருக்கும் என்று நினைத்ததுதான் தப்பு. அந்த மூன்று மாதத்தில் சமூக ஊடகப் பங்குகள் எல்லாமே சரிந்திருந்தன. டீலே இல்லாமலிருந்தால் ட்விட்டரும் கூடவே சரிந்திருக்கும். ஃபேஸ்புக்கின் மெட்டா கால்வாசிக்கு மேல் விழுந்திருந்தது, ஸ்னாப்சாட்டின் ஸ்னாப் பாதிக்கு மேல். தரையை 27 சதவீதம் இறக்கினால் 28.70, வாய்ப்பு 15 சதவீதம். பாதியாக இறக்கினால் 19.65, வாய்ப்பு 38 சதவீதம். அதே நாள், அதே விலை. எந்தப் பக்கத்து வீட்டுக்காரனோடு ஒப்பிடுகிறோம் என்பதை வைத்து எண் இரட்டிப்புக்கு மேல் ஆகிறது.

இப்போது என் டூல் ஒரே எண்ணைச் சொல்வதில்லை. டீல் விலை, ஒப்பீட்டுப் பங்குகள், அவை அறிவிப்புக்கு அப்புறம் எவ்வளவு நகர்ந்தன என்று எடுத்துக்கொண்டு, கீழ் எல்லை மேல் எல்லை இரண்டையும் காட்டும், அருகிலேயே எந்தப் பங்குகளை வைத்து என்றும் எழுதும். அந்த ஜூலை நாளுக்கு 15 முதல் 38 வரை என்று சொல்கிறது. ட்விட்டர் வழக்குப் போட்டு, விசாரணைத் தேதி நெருங்கி, கடைசியில் மஸ்க் அக்டோபர் 27 அன்று அதே 54.20 கொடுத்து வாங்கினார். 32.65-க்கு வாங்கி வைத்தவருக்கு மூன்றரை மாதத்தில் 66 சதவீத லாபம். நான் அன்றைக்கு இந்தத் திரையைப் பார்த்திருந்தால் 15-ஐ மட்டும் படித்துவிட்டு மூடி வைத்திருப்பேன்.