"ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையே சார்!"

"ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க சார். அப்போ இது செய்வினைதானே?"

கடலூர்ப் பக்கம் ஒரு மீனவக் கிராமத்திலிருந்து மகனோடு வந்திருந்த அம்மா கேட்டார். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) விடியற்காலையில் கரை திரும்பும் படகுகளின் எஞ்சின் சத்தம் தன்னைப் பற்றியே பேசுகிறது என்று அந்த இளைஞர் மூன்று மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை. மந்திரிப்பதிலும் தாயத்துக் கட்டுவதிலும் அத்தனை நாளும் போய்விட்டது. எனக்குத் தாங்க முடியாதது இந்தத் தாமதம்தான். அவருக்கு வந்திருந்த மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோய்க்குச் சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது.

சாதாரண ஸ்கேன் மூளையின் வடிவத்தைத்தான் காட்டும். நரம்பு செல்கள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் ரசாயனங்களைக் காட்டாது. அவற்றில் ஒன்று டோபமைன். சுற்றிலும் எவ்வளவு இரைச்சல் இருந்தாலும் தொட்டிலில் பிள்ளை சிணுங்கினால் தாய்க்குக் கேட்டுவிடும் அல்லவா? 'இது முக்கியம், கவனி' என்று முத்திரை குத்துவதில் டோபமைனுக்குப் பெரிய பங்கு உண்டு. மனச்சிதைவில், மூளையின் ஆழத்தில் ஸ்ட்ரையாட்டம் என்ற பகுதியில் அது நேரங்கெட்ட நேரத்தில் அதிகமாகச் சுரக்கிறது. படகு எஞ்சினுக்கும் முத்திரை விழுந்துவிடுகிறது. 'இது ஏன் எனக்கு முக்கியம்?' என்று மனம் காரணம் தேடி, ஒரு சந்தேகத்தைப் பிடித்துக்கொள்கிறது. இன்று வலுவாக இருக்கும் விளக்கம் இது.

மருந்துதான் இந்த வழியைக் காட்டியது. 1952-இல் பாரிஸில் குளோர்புரோமசின் என்ற மருந்தைக் கொடுத்தபோது நோயாளிகள் தெளிந்தார்கள். ஏன் என்று அப்போது தெரியாது. 1963-இல் சுவீடன் விஞ்ஞானி அர்விட் கார்ல்சன் குழுவின் ஆய்வுதான் டோபமைன் பக்கம் கவனத்தைத் திருப்பியது.

இன்றைய மாத்திரைகளில் பெரும்பாலானவை டோபமைன் ஏற்பிகளை, அதாவது செல்களில் டோபமைன் வந்து ஒட்டும் இடங்களை, அடைக்கின்றன. புது முத்திரை விழுவது குறையும், ஆனால் ஏற்கெனவே ஊறிப்போன நம்பிக்கை கரைய வாரக்கணக்காகும். ஆறு வாரம் கழித்து வந்தபோது அந்த இளைஞர் சொன்னார்: "சத்தம் கேக்குது சார். ஆனா என்னைப் பத்தி இல்ல." சரியாகிவிட்டது என்று பலர் மாத்திரையை நிறுத்துவது இந்தக் கட்டத்தில்தான். தயவுசெய்து நிறுத்தாதீர்கள், நோய் திரும்பிவிடும் வாய்ப்பு அதிகம். உடல் அசைவுக்கும் டோபமைன் தேவை என்பதால் கை நடுங்கலாம், உடம்பு இறுகலாம். பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோகலாம். வெட்கப்பட்டு மறைக்காமல் சொல்லுங்கள், மருந்தையோ அளவையோ மாற்ற முடியும்.

"சரி சார், பயம் போயிடுச்சு. ஆனா குளிக்க மாட்டேங்குறான், வலையத் தொட மாட்டேங்குறான். சோம்பேறித்தனம்தானே?" இல்லை அம்மா, அதுவும் நோய்தான். அதற்கு டோபமைன் ஏற்பிகளை அடைக்கும் மருந்து அவ்வளவாக உதவுவதில்லை. குளூட்டமேட் என்ற இன்னொரு ரசாயனமும் சந்தேகப் பட்டியலில் இருக்கிறது. அதன் ஏற்பியைத் தடுக்கும் கெட்டமின் என்ற மயக்க மருந்து, நல்ல உடல்நலம் உள்ளவரிடமும் சற்று நேரம் இதே போன்ற அறிகுறிகளைக் கொண்டுவரும். டோபமைனை அடைக்காமல் அசிட்டைல்கோலின் என்ற வேறொரு மூளை ரசாயனத்தின் வழியாக வேலை செய்யும் ஒரு மருந்துக்கு 2024-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. இப்போதைக்கு மகனைத் திட்டாமல், ஒரு நாளைக்கு ஒரு சின்ன வேலையாகக் கொடுத்துப் பழக்குங்கள் என்றேன்.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை.