பெயர் அதேதான், இமேஜ் மாறிவிட்டது

"நான் ஒரு வரியும் தொடல அண்ணே, சிஐ மட்டும் சிவப்பாயிடுச்சு."

2023 ஜூனில், மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள எங்கள் சிறிய அலுவலகத்தில், புதிதாகச் சேர்ந்த தம்பி வந்து சொன்னது இது. செம்பனைக் குலை ஏற்றிவரும் லாரிகளுக்கு எடை ரசீது போடும் மென்பொருள் எங்களுடையது. அதில் பிழை விழுந்தால் தோட்டத்தில் குலை வெட்டியவரின் கூலியில் போய் இடிக்கும். அதனால் சோதனை ஓடாமல் எந்த மாற்றத்தையும் நாங்கள் ஏற்பதில்லை. அந்தச் சோதனையைத் தானாக ஓட்டும் அமைப்புதான் சிஐ: தேறினால் பச்சை, தோற்றால் சிவப்பு.

தம்பி அரை நாள் தன் நிரலையே குடைந்துகொண்டிருந்தார். பாவம், தப்பு அங்கே இல்லை. சிஐ ஓட்டத்தின் பதிவான லாகைக் கீழிருந்து மேலே படித்தபோதுதான் அந்த வரி கண்ணில் பட்டது: ஓபன்எஸ்எஸ்எல் 1.1 என்ற குறியாக்க நூலகத்தைக் காணவில்லை. எங்கள் சோதனை ஓடுவது டாக்கர் என்ற கருவி இயக்கும் இமேஜுக்குள்; இயங்குதளக் கோப்புகளையும் கருவிகளையும் சேர்த்துக் கட்டிய பொட்டலம் அது. எங்கள் சிஐ கோப்பில் அந்த இமேஜுக்கு 'பைதான் 3.11' என்ற டேக், அதாவது பெயர்ச்சீட்டு, மட்டும் இருந்தது. ஜூன் 10-இல் அந்த இமேஜின் அடித்தளமான டெபியன் லினக்ஸின் 12-ஆம் பதிப்பு வெளியானது. சில நாள்களிலேயே அந்த டேக் டெபியன் 11-ஐ விட்டு 12-க்குத் தாவிவிட்டது. புதியதில் இருப்பது ஓபன்எஸ்எஸ்எல் 3. தராசோடு பேசும் எங்கள் பழைய நூலகமோ 1.1-ஐத் தேடியது. தம்பியின் மடிக்கணினியில் முன்பு இறக்கிய இமேஜே கிடந்ததால் அங்கே எல்லாம் பச்சை.

டேக்கை எந்த நேரத்திலும் வேறு இமேஜுக்கு மாற்றி ஒட்டலாம். இமேஜின் கைரேகை போன்ற டைஜெஸ்ட் அப்படியல்ல. ஷா256 முறையில் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்டு எடுக்கும் 64 எழுத்துகள் அவை. ஒரு பைட் மாறினாலும் டைஜெஸ்ட் வேறாகிவிடும். இப்போது டேக், அதை ஒட்டி அட் குறி (@), பிறகு டைஜெஸ்ட் என்று சேர்த்தே எழுதுகிறோம். டேக் நாம் படிப்பதற்கு, டைஜெஸ்ட் டாக்கருக்கு.

ஆனால் இப்படி டைஜெஸ்டால் 'பின்' செய்த, அதாவது ஒரே பதிப்பில் குத்தி நிறுத்திய, இமேஜுக்குள் ஒவ்வொரு ஓட்டத்திலும் டெபியனின் நிறுவல் கருவியான ஆப்ட் வழியாகப் புதிதாக எதையாவது இறக்கினால் பின் செய்தும் பயனில்லை. தேவையான கருவிகளை இமேஜிலேயே கட்டி வையுங்கள். பின் செய்துவிட்டு மறப்பது அதைவிட ஆபத்து: பாதுகாப்புத் திருத்தம் எதுவும் தானாக வந்து சேராது. ரெனொவேட், டிபெண்டபாட் போன்ற கருவிகள் புதிய டைஜெஸ்ட் வந்ததும் மாற்றக் கோரிக்கை எழுப்பும். அதைத் திங்கள் காலை முதல் வேலையாகப் பார்க்கிறோம்.

2025 ஆகஸ்டில் டெபியன் 13 வந்து டேக்குகள் மறுபடி இடம் மாறின. எங்களிடம் எதுவும் சிவக்கவில்லை. தனிக் கிளையில் ஓட்டிப் பார்த்து, உடைந்த இரண்டு இடங்களைச் சரிசெய்து, தீபாவளி விடுப்புக்கு முன் நாங்களாகவே மாறினோம். அந்த மாற்றத்தை முழுக்கச் செய்தவர் அதே தம்பிதான்.