கிழட்டு மரம் நின்ற குழியில் புதுச்செடி ஏன் தேறுவதில்லை?

இமாச்சலப் பிரதேசத்தின் கோட்கர் மலைச்சரிவில் சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் ஆப்பிள் மரங்களை நட்டு நூறு வருடம் தாண்டிவிட்டது. அந்த வட்டாரத்தில் பல தோட்டங்களுக்கு வயதாகிவிட்டது. காய்ப்பு குறைந்த மரத்தை வெட்டி, தூரைத் தோண்டி எடுத்துவிட்டு, அதே குழியில் புது ஒட்டுச்செடி வைத்தால் பல சமயம் அது தேறுவதில்லை. செத்தும் போகாது, வளரவும் வளராது. துளிர் வருடத்துக்கு விரற்கடை நீளம்தான் நீளும். பக்கத்தில் ஆப்பிளே பார்க்காத புது நிலத்தில் வைத்த அதே செடி மளமளவென்று மேலே போய்விடும்.

'மண்ணில் சாரம் போய்விட்டது' என்றுதான் சொல்லத் தோன்றும். கூடுதலாக நாலு கூடை தொழு உரம் கொட்டுவார்கள். ஆனால் பெரும்பாலும் காரணம் அதுவல்ல.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. குழி மண்ணை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மட்டும் நீராவியில் 70 டிகிரி வரை சூடாக்குவார்கள். சூட்டில் கொஞ்சம் சத்து விடுபடும் என்பதால், இரண்டு தொட்டிக்கும் உரம் தாராளமாகக் கொடுத்துவிட்டு ஆப்பிள் நாற்றை நடுவார்கள். இரண்டு மூன்று மாதத்தில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். பிடுங்கிக் கழுவிப் பார்த்தால் இன்னும் தெளிவு. வேகவைத்த மண்ணில் சல்லிவேர் வெள்ளை நூல் பந்து மாதிரி அடர்ந்திருக்கும். மற்றதில் வேர் பழுப்பேறி, நுனி கருகி, தொட்டால் தோல் உரிந்து வரும்.

இவ்வளவு மிதமான சூட்டுக்கே தொல்லை அடங்குகிறது என்றால், காரணம் உயிருள்ள ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ரைசோக்டோனியா போன்ற பூஞ்சைகள், பூஞ்சை மாதிரியே வேரை அழுகவைக்கும் பிதியம், பைட்டாப்தொரா என்ற நுண்ணுயிர்கள், ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய நூற்புழுக்கள் எல்லாம் சேர்ந்த கூட்டம் அது. எந்த ஊரில் எது முந்தும் என்பது மண்ணுக்கு மண் மாறும். முப்பது நாற்பது வருடம் ஒரே வேரைத் தின்று பெருகிய கூட்டம் இது. பெரிய மரம் ஆழத்தில் வேர் பரப்பியிருப்பதால் தாங்கிக்கொண்டது. பிஞ்சு வேருக்கு அந்தத் தெம்பில்லை. உண்ணும் வாயே புண்ணாகிக் கிடக்கும்போது எவ்வளவு பரிமாறி என்ன?

முன்பெல்லாம் மெத்தில் புரோமைடு வாயுவைச் செலுத்தி மண்ணையே கொன்றுவிடுவார்கள். ஓசோன் படலத்தை அது அரிப்பதால், மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி வளர்ந்த நாடுகள் 2005-க்குள் அந்தப் பயன்பாட்டைக் கைவிட வேண்டியதாயிற்று. அப்புறம் வந்த வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது கடுகு. எண்ணெய் எடுத்த கடுகுத்தூள் ஈரமண்ணில் பட்டதும், கடுகு அரைக்கும்போது கண்ணைக் கரிக்கும் அதே நெடி கிளம்பிக் கிருமிகளைத் தாக்குகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத் தோட்டங்களில் மண் நோய் ஆய்வாளர் மார்க் மஸோலா குழுவினர் கண்டது இன்னும் சுவையானது. நெடி போன பிறகும் பாதுகாப்பு நீடித்தது. கடுகுத்தூள் மண்ணின் நுண்ணுயிர்க் கூட்டத்தையே மாற்றிவிடுகிறது. அந்தப் புதுக் கூட்டம் பழைய கிருமிகளை எளிதில் தலைதூக்க விடுவதில்லை.

ஒட்டுச்செடியில் வேரைத் தரும் அடிப்பாகமான வேர்ச்செடியும் முக்கியம். எம்.9 வகை இதில் சீக்கிரம் அடிபடும், அமெரிக்காவின் ஜெனீவா ஆய்வு நிலையத்தில் உருவான ஜி.41 போன்ற வகைகள் நன்றாகவே தாங்கும். எதுவும் கைக்கு எட்டாவிட்டால், பழைய குழியை விட்டுவிட்டு இரண்டு வரிசைக்கு நடுவிலிருந்த புல்தரையில் நடலாம். அங்கே கிருமிகள் குறைவு.

கடுகுத்தூள் போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: போட்ட கையோடு நட்டால் அந்த நெடி புதுச்செடியின் வேரையும் பொசுக்கிவிடும். இலையுதிர் காலத்திலேயே போட்டு வைத்து, வசந்தத்தில் நடுவது நல்லது.