சர்ஜனின் உள்ளுணர்வை எதுவரை நம்பலாம்?

ஈரோட்டில் பழகிய மஞ்சள் வியாபாரி ஒரு விரலியை ஒடித்த சத்தத்திலேயே நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். எப்படி என்று கேட்டால், "ஒடிச்சா தெரியாதுங்களா?" என்பார். கோவையின் மூத்த சர்ஜன்கள் பலரும் ஏறக்குறைய இதே பதிலைத்தான் சொல்வார்கள்.

இதில் மாயம் எதுவும் இல்லை. நோயாளி குனிந்து நடந்து வருவது, கை வைத்ததும் வயிறு இறுகுவது என எல்லாவற்றையும் மூளை பழைய நோயாளிகளோடு ஒப்பிட்டு முடித்துவிடுகிறது. காரணம் அப்புறம்தான் வார்த்தையாகிறது. உளவியலாளர் கேரி க்ளைன் 1980களில் தீயணைப்பு அதிகாரிகளிடம் கண்டதும் இதைத்தான்.

ஆனால் 2009இல் அவரும், உள்ளுணர்வை எப்போதும் சந்தேகித்த இன்னொரு உளவியலாளர் டேனியல் கானமனும் சேர்ந்து எழுதிய கட்டுரையில் ஒரு நிபந்தனை உண்டு: கணிப்பு சரியா தப்பா என்பது சீக்கிரம் தெரிந்தால்தான் உள்ளுணர்வு தேறும். குடல்வால் அழற்சி என்று நினைத்தது சரியா என்பது ஆபரேஷனிலேயே தெரிந்துவிடும். குடலை வெட்டித் தைத்த இடம் கசிகிறதா என்பது சில நாள் கழித்துத்தான் தெரியவரும். அங்கே சர்ஜன்களின் ஊகம் பெரிதாகப் பலிப்பதில்லை.

இதைவிட வில்லங்கம் பித்தப்பை. லேப்ராஸ்கோப்பியில், அதாவது சின்ன ஓட்டைகள் வழியே கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷனில், பித்தப்பையைப் பிடித்து இழுக்கும்போது, கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் போகும் பொதுப் பித்தக்குழாயும் கூடவே இழுபட்டு, வெட்ட வேண்டிய சிறு குழாயோடு ஒரே கோட்டில் வந்துவிடும். அழற்சியால் சுற்றிலும் ஒட்டிப்போயிருந்தால் கேட்கவே வேண்டாம். சர்ஜனுக்குத் துளி சந்தேகமும் வராது, வெட்டிவிடுவார். இப்படிக் குழாய் சேதமான 252 பேரின் விவரங்களை அலசி 2003இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. 97 சதவீதத்தில் முதன்மைக் காரணம் பார்வை ஏமாந்ததுதான். பெரும்பாலான சேதம் ஆபரேஷன் நேரத்தில் கவனிக்கப்படவே இல்லை. தவறான உறுதியும் சரியான உறுதியும் உள்ளே ஒரே மாதிரிதான் இருக்கும், தொல்லையே அதுதான்.

இந்தத் தொல்லைக்காகவே, அந்த ஆய்வுக்கும் முன்பே, 1995இல் சர்ஜன் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பர்க்கின் குழு ஒரு விதி வகுத்தது. குழாயைச் சுற்றியுள்ள கொழுப்பை நீக்க வேண்டும். பித்தப்பையின் அடிப்பகுதியைக் கல்லீரலிலிருந்து பிரிக்க வேண்டும். பித்தப்பைக்குள் போவது அந்தச் சிறு குழாயும் ஒரு ரத்தக்குழாயும் என இரண்டே இரண்டு என்று கண்ணால் பார்க்க வேண்டும். அதுவரை எதையும் வெட்டக்கூடாது, எத்தனை ஆயிரம் கேஸ் பார்த்தவரானாலும் சரி.

அந்தக் காட்சி கிடைக்காவிட்டால், பித்தப்பையில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்தலாம்; வயிற்றைத் திறந்தும் செய்யலாம். "சின்ன ஓட்டைன்னுதானுங்களே சொன்னீங்க?" என்று வெளியே காத்திருக்கும் சொந்தபந்தம் கேட்கும்தான். கேட்கட்டும். அந்த சர்ஜன் தன் கண்ணையே ஒருமுறை நம்பாமல் இருந்திருக்கிறார்; நான் அவரிடமே போவேன்.