ஊட்டிக் குளிரில் ஒரு கேபினெட்டும் ஒரு நாற்காலியும்

“மாமா, ஆறு ஃபேன் போதுமா, இல்ல வாட்டர் கூலிங்கே போட்டுரலாமா?”

காந்தலில் அக்கா வீடு. ஜூலை மாத ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கேமிங் கம்ப்யூட்டரும் அதற்கொரு நாற்காலியும் வாங்கப்போகும் அக்கா மகன், ஸ்வெட்டருக்கு மேல் சால்வையும் போர்த்திக்கொண்டு கேட்ட கேள்வி இது. வெளியே தூறல், உள்ளே கொடியில் மூன்று நாளாய்க் காயாத துணி. அறையில் 15 டிகிரி இருந்தால் அதிகம். அவன் கையிலிருந்த போனில், ஏதோ வெயில் ஊரில் அரைக்கால் சட்டையோடு ஒருவர் கேபினெட்டுகளை, அதாவது கம்ப்யூட்டரின் பாகங்களை அடக்கும் இரும்புப் பெட்டிகளை, பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

ஊட்டியில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. கேமிங் செட்டப் கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் கீழே இருப்பவர்களுக்காக எழுதிய பட்டியலோடுதான் வருகிறார்கள். கீழே என்றால் எங்களுக்கு மேட்டுப்பாளையமும் அதற்கப்பால் இருக்கும் மொத்த உலகமும். மலையில் கணக்கு வேறு.

நடுத்தரமான கேமிங் கம்ப்யூட்டர் ஒன்று விளையாட்டு ஓடும்போது 400 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். இழுத்தது அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். அதன் முன்னால் சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு தன் பங்குக்கு ஏறக்குறைய 100 வாட் விடுகிறது. ஆக, அறையில் சூடான பொருள் இரண்டு. ஒன்றுக்குச் சட்டை கேபினெட்; இன்னொன்றுக்கு நாற்காலி. முதலாவதிடமிருந்து சூட்டைப் பிடுங்க வேண்டும். இரண்டாவதிடம் அதை விட்டுவைக்க வேண்டும். கீழே இருப்பவர்களுக்கு இரண்டிலும் பிடுங்கினால்தான் சுகம். அதனால் ‘வலை முகப்பு கேபினெட், வலை முதுகு சேர்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். நமக்கு அதில் பாதிதான் பொருந்தும்.

முதலில் காற்று. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், கொடைக்கானல் 2,133. இங்கே காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் தாண்டும்போது பலூன் மாதிரி உப்பி நிற்பது இதனால்தான். கேபினெட் ஃபேனுக்கு உயரம் தெரியாது. ஒரு சுற்றுக்கு இத்தனை கன அடி என்று அது தள்ளிக்கொண்டே இருக்கும். ஆனால் அந்தக் கன அடிக்குள் காற்றின் எடை குறைவு, சூட்டைச் சுமந்து போவதோ எடைதான்.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். நிமிடத்துக்கு 60 கன அடி காற்று கேபினெட்டுக்குள் புகுந்து வெளியேறுகிறது. சென்னையில் 32 டிகிரி அறையில், 400 வாட் சூட்டை வாங்கிக்கொண்ட காற்று சுமார் 12 டிகிரி ஏறி 44 டிகிரியில் வெளியே வரும். அதே ஃபேன் அதே வேகத்தில் ஊட்டியில் ஓடினால் காற்று 15 டிகிரி ஏறும். உயரத்தால் நமக்கு 3 டிகிரி நஷ்டம். ஆனால் இங்கே அறையே 15 டிகிரி. ஆக வெளியே வரும் காற்று 30. சென்னையில் உள்ளே போகிற காற்றைவிட இங்கே வெளியே வருகிற காற்று குளிர்ச்சி! நாள் முழுக்க ஓடும் சர்வர் கம்ப்யூட்டர்களின் உலகத்தில் ஒரு வழக்கம் உண்டு: 900 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும், அனுமதிக்கும் அறைவெப்பத்தில் 1 டிகிரியைக் கழித்துவிடுவார்கள். ஊட்டிக்கு அது நாலரை டிகிரி. அதைக் கழித்த பிறகும் எங்கள் அறைகள் அந்த எல்லையை எட்டிப் பார்ப்பதில்லை.

அதனால் ஆறு ஃபேனும் வேண்டாம், சூட்டைத் தண்ணீரில் சுமந்து போகும் வாட்டர் கூலிங்கும் வேண்டாம். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று.

“மேல ஒண்ணு வேண்டாமா? சூடு மேலதானே போகும்?” என்றான். போகும்தான், ஆனால் எவ்வளவு வலுவோடு? 40 செ.மீ. உயரக் கேபினெட்டுக்குள் வெளியைவிட 15 டிகிரி சூடு இருந்தால், காற்று தானாக மேலெழும் அழுத்தம் 0.2 பாஸ்கல்கூடத் தேறாது. சாதாரண 120 மி.மீ. ஃபேன் 20 பாஸ்கல்வரை கொடுக்கும். நூறில் ஒரு பங்கு வலு உள்ளவன் எதிர்த்து நின்றால் என்ன, கூட வந்தால் என்ன? காற்றை ஃபேன் திருப்புகிற திசையில்தான் போக வைக்க முடியும். தவிர, மேல்தட்டு முழுக்க ஓட்டையாக இருக்கும் கேபினெட்டுகளை நான் இங்கே யாருக்கும் சொல்வதில்லை. தகரக் கூரை வீடுகளில் விடியற்காலையில் கூரையின் உட்புறம் வியர்த்து, சொட்டுச் சொட்டாக விழும். அந்தச் சொட்டுக்கு நேர் கீழே கிராபிக்ஸ் கார்டு இருக்கக் கூடாது.

போகிற போக்கில் ஒன்று. சில அடாப்டர்களின் முதுகில் முக்கோணத்துக்குள் ஒரு மலைப் படமும் ‘2000 மீ’ என்ற எழுத்தும் இருக்கும். அந்த உயரம்வரைதான் சோதித்திருக்கிறோம் என்று பொருள். காற்று மெலிந்தால் மின்சாரம் பாகங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைத் தாண்டிப் பொறியாகப் பாய்வது சுலபம். 3,000 மீட்டருக்கு இடைவெளியை 14 சதவீதம் கூட்டச் சொல்கிறது பாதுகாப்பு விதி. ஊட்டிக்கு அதில் நாலில் ஒரு பங்குதான் வரும், பயப்பட ஒன்றுமில்லை. குன்னூர்க்காரர்கள் எல்லைக்கு உள்ளேயே இருக்கிறார்கள்.

மலையில் கம்ப்யூட்டரைக் கொல்வது சூடு அல்ல, ஈரம்.

கண்ணாடி போட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். குளிரில் நடந்துவந்து, வர்க்கி இறங்கிக்கொண்டிருக்கும் பேக்கரிக்குள் நுழைந்த மறுகணம் கண்ணாடி வெளுத்து எதுவும் தெரியாது. எந்தக் காற்றையும் குளிர வைத்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் அதால் தன் நீராவியைத் தாங்க முடியாமல் தண்ணீராக இறக்கிவிடும். அந்த வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர். உங்கள் மூக்குக்கண்ணாடி பேக்கரிக் காற்றின் பனிநிலையைவிடக் குளிர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

கேபினெட் ஏழெட்டுக் கிலோ இரும்பு. இரவு முழுக்க அணைந்து கிடந்து 8 டிகிரிக்கு இறங்கிய இரும்பு காலையில் சட்டென்று சூடேறாது. ஒன்பது மணிக்கு ஜன்னலைத் திறக்கிறீர்கள். 14 டிகிரியில், 90 சதவீத ஈரப்பதத்தோடு பனிமூட்டம் உள்ளே வருகிறது. அந்தக் காற்றின் பனிநிலை 12 டிகிரிக்குச் சற்று மேலே. இரும்போ இன்னும் 9, 10 டிகிரியில் நிற்கிறது. பக்கவாட்டுத் தகட்டில் விரலால் பெயர் எழுதலாம்; அந்த அளவுக்கு வியர்த்திருக்கும். உள்ளே மதர்போர்டிலும் அதே கதை. ரிப்பேருக்கு வரும் கேபினெட்டுகளில் திருகுகளின் தலை துருவேறியிருந்தால், இவர் ஜன்னலோரம் வைத்திருக்கிறார் என்று கேட்காமலே சொல்லிவிடுவேன்.

ஓடுகிற கம்ப்யூட்டருக்கு இந்தத் தொல்லை இல்லை. 12 டிகிரியில் 95 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை வெறும் 3 டிகிரி சூடாக்கினால் ஈரப்பதம் 78 சதவீதத்துக்கு இறங்கிவிடும். தண்ணீர் எங்கும் போகவில்லை, காற்றின் தாங்கும் சக்திதான் கூடுகிறது. பட்டுப்புடவைக்குப் பூஞ்சணம் பிடிக்காமல் பீரோவுக்குள் குண்டு பல்பு எரியவிடும் வீடுகளில் நடப்பதும் இதுதான். ஆக, மலையில் கம்ப்யூட்டருக்கு நல்லது அதைத் தினமும் கொஞ்ச நேரம் ஓட்டுவது. பரீட்சை முடியட்டும் என்று மூன்று மாதம் துணி போர்த்தி மூடிவைப்பதுதான் கெடுதல். இதை அக்கா முன்னால் சொன்னது என் தப்பு.

இன்னொரு தலைகீழ் விஷயம். கோவையில் வாங்கி மேலே கொண்டுவந்த கேபினெட்டை ‘குளிர் பழகட்டும்’ என்று இரவு முழுக்கப் பிரிக்காமல் வைப்பார்கள். மேலே வரும்போது இரும்பு சூடு, காற்று குளிர்; அது வியர்க்காது. வியர்ப்பது இறங்கும்போதுதான். டிசம்பரில் விடியற்காலை பஸ்ஸில் கோவைக்கு ரிப்பேருக்குக் கொண்டுபோய், கடையில் வைத்த கையோடு பிரித்து ஸ்விட்ச் போடச் சொல்கிறோமே, அப்போதுதான் அட்டைப்பெட்டிக்குள்ளேயே இரண்டு மணி நேரம் விட வேண்டும்.

கேபினெட்டை எங்கே வைப்பது என்பதற்கு ஊட்டிக்குப் பக்கத்திலுள்ள தலைக்குந்தாவைப் பார்த்தால் போதும். ஜனவரியில் உறைபனி மேட்டில் விழாமல் பள்ளத்துப் புல்வெளியில்தான் வெள்ளையாகக் கிடக்கும். குளிர்ந்த காற்று கனம்; தண்ணீர் மாதிரி வழிந்து தாழ்ந்த இடத்தில் தேங்கும். அறையின் பள்ளம் தரை. மேஜைமேல் வைக்க இடமில்லையென்றால் ஒரு முக்காலியாவது போடுங்கள்.

ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி உள்ள மாடல்தான் வேண்டும் என்று நின்றான். எனக்கு அதில் கசப்பான அனுபவம் உண்டு. ஒருமுறை அந்தக் கண்ணாடியைக் கழற்றி, டைல்ஸ் தரையில் மெதுவாக, விளிம்பு படும்படி சாய்த்து வைத்தேன். ‘டப்’ என்று ஒரே சத்தம். கல் உப்பைக் கொட்டியது போல் ஒரு குவியல். டெம்பர்டு கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, மேற்பரப்பை மட்டும் சடாரென்று குளிர வைப்பார்கள். வெளித்தோல் முதலில் இறுகிவிடும். பிறகு இறுகும் உட்புறம் அதை உள்நோக்கி இழுத்துக்கொண்டே நிற்கும். அந்த அமுக்கம்தான் அதன் பலம். நட்டநடுவில் குத்தினால் தாங்கும். விளிம்பில் டைல்ஸின் கடினமான ஒரு துணுக்கு கீறி, தோலைத் தாண்டிவிட்டால், உள்ளே அடைபட்ட இழுவிசை மொத்தமும் ஒரே நொடியில் விடுபடும். கண்ணாடி வேண்டுமென்றால் வாங்கிக்கொள், கழற்றினால் கட்டில்மேல் போடு என்றேன்.

அடுத்தது நாற்காலி. அவன் காட்டியது பந்தயக் கார் இருக்கை மாதிரி இரண்டு பக்கமும் சிறகு வைத்தது, கறுப்பும் சிவப்பும். அந்தச் சிறகு எதற்கு? கார் வேகமாகத் திரும்பும்போது உடம்பு பக்கவாட்டில் சரியும், அதைப் பிடித்து நிறுத்த. கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் இறங்கும்போது அப்படி ஒரு சீட் கிடைத்தால் நானே கூடக் காசு கொடுப்பேன். நகராத மேஜை முன்னால் அது தொடையையும் தோளையும் உள்நோக்கி நெருக்குவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை.

மேலே போர்த்தியிருப்பது பெரும்பாலும் பியூ லெதர், நம் பாஷையில் ரெக்ஸின். துணிமேல் பாலியூரித்தேன் பூச்சு. அந்தப் பூச்சின் மூலக்கூறுச் சங்கிலியில் தண்ணீர் புகுந்து கண்ணிகளை ஒவ்வொன்றாக அறுக்கும். சில வருஷத்தில் செதில் செதிலாக உரிந்து சட்டையில் ஒட்டும். சூடும் ஈரமும் சேர்ந்தால் இது வேகமாக நடக்கும். இங்கே ஈரம் மட்டும் உண்டு, சூடு இல்லை. அதனால் உரிவதில் கீழே இருப்பவர்களைவிட நமக்குக் கொஞ்சம் தேவலை. நமக்குத் தொல்லை வேறு. உடம்பு ஓயாமல் நீராவி விடுகிறது. ரெக்ஸின் அதை வெளியே விடாது. தொடைக்கும் சில்லென்ற ரெக்ஸினுக்கும் நடுவே அது தண்ணீராகிறது. பேக்கரிக் கண்ணாடி கதையேதான்; உட்கார்ந்திருப்பவருக்கு ஜட்டி நனைந்த மாதிரி ஓர் உணர்வு.

வலை முதுகு வைத்தால் இந்த ஈரம் இல்லை. ஆனால் முதுகில் சூடாகித் தேங்கும் காற்றை அது தங்கவிடாது, ஜன்னல் இடுக்குக் காற்று நேராக முதுகெலும்பில் இறங்கும். நான் சொல்வது துணி. கெட்டியான, நெய்த துணி போர்த்திய சாதாரண ஆபீஸ் சேர். நீராவியை விடும், சூட்டைப் பிடித்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை வெயிலில் தள்ளி வைத்தால் பூஞ்சணமும் வராது. தோற்றத்தில் மதிப்பெண் பூஜ்யம்தான்.

உள்ளிருக்கும் ஸ்பாஞ்சை அமுக்கிப் பார்த்து வாங்குங்கள், முடிந்தால் குளிர்ந்த காலையில். மெமரி ஃபோம் கீழே கடையில் வெண்ணெய் மாதிரி அமுங்கும். அது உடம்புச் சூட்டில் இளகுவதற்கென்றே செய்த பொருள். 10 டிகிரியில் பலகை. அச்சில் வார்த்த சாதாரண ஃபோமுக்கு இந்த வித்தியாசம் குறைவு.

உயரம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். முழங்காலின் பின்மடிப்பிலிருந்து தரைவரை அளந்துகொள்ளுங்கள். அக்கா மகனுக்கு 40 செ.மீ. அவன் கேட்ட நாற்காலியின் ஆகக் குறைந்த உயரம் 46. ஆறு செ.மீ. அந்தரத்தில் கால் தொங்கினால் இருக்கையின் விளிம்பு தொடையின் அடிப்பக்கத்தை அழுத்தும், பாதம் மரத்துப்போகும். குளிரில் ஏற்கெனவே பாதத்துக்கு ரத்தம் குறைவாகத்தான் போகிறது.

முதுகுக்கு எந்தக் கோணம் நல்லது? 1960களில் சுவீடனின் எலும்பு மருத்துவர் நாக்கெம்சன் முதுகெலும்புத் தட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்து, நிற்பதைவிட உட்காரும்போது அதிகம் என்றார். 1999இல் ஜெர்மனியில் வில்கேயின் குழு மறுபடி அளந்தபோது, உட்காரும்போது நிற்பதைவிடக் கூடவில்லை, சாய்ந்து சரிந்து உட்கார்ந்தால் இன்னும் குறைவு என்று வந்தது. ‘நேரா உக்காருடா’ என்று அதட்டும் அம்மாக்களுக்கு இது பிடிக்காது. அந்தத் தட்டுகளின் நடுப்பகுதிக்கு ரத்தக் குழாய் கிடையாது. சுற்றியிருந்துதான் சத்து மெல்ல உள்ளே ஊறுகிறது; அசைந்து அமுங்கி விரிவது அதற்கு உதவும். அதனால் நாற்காலி சாயும்போது கூடவே சாய வேண்டும், நிமிர்ந்தால் கூடவே வர வேண்டும். அதைப் பார்த்து வாங்கினால் போதும்.

கடைசியில் இரண்டு ஃபேன் முகப்பு, ஒரு ஃபேன் பின்பக்கம், கண்ணாடி ஒரு பக்கம், சாம்பல் நிறத் துணி நாற்காலி என்று முடிந்தது. நிறம் மாறும் ஆர்ஜிபி விளக்கு மட்டும் விட்டுக்கொடுத்தேன். போன வாரம் போனபோது அவன் விளையாடிக்கொண்டிருந்தான். கேபினெட்டுக்குப் பின்னால் கயிறு கட்டி, 30 டிகிரிக் காற்று படும்படி அக்கா நாலு ஜோடி ஸ்கூல் சாக்ஸ் காயப்போட்டிருந்தாள். ஒரு சாண் தள்ளிக் கட்டச் சொல்லிவிட்டு வந்தேன்.